நூல் பிடித்துக் கதைக்குள் நுழையலாம்

எழுத்தாலேயே ஆடும் சாகச விளையாட்டைப் படைக்க, நிரல் எழுதத் தெரியாதவர் எந்த மென்பொருளை எடுப்பது?

நூலை எடுக்கலாம். கிறிஸ் கிளைமாஸ் 2009-இல் வெளியிட்ட ‘ட்வைன்’ என்ற இலவச மென்பொருளின் பெயருக்கு முறுக்கிய நூல் என்று பொருள். தமிழில் நூலே புத்தகமாகவும் இருப்பதால் அப்பெயர் இருமடங்கு பொருந்துகிறது. ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டதும் அது அடுத்த காட்சிக்கான இணைப்பாகிவிட, திரையில் புதிய பெட்டி ஒன்று தோன்றி, பழைய பெட்டியிலிருந்து அதற்கு ஓர் அம்புக்குறி நீள்கிறது.

அப்படியானால் 1993-இல் கிரஹாம் நெல்சன் உருவாக்கிய ‘இன்ஃபார்ம்’ என்ற மென்பொருள் எதற்கு?

கதவு பூட்டியிருக்கிறதா, சாவி எவர் கையில், விளக்கு எரிகிறதா என்பதையெல்லாம் யார் நினைவில் வைப்பது? பொருள்களின் இருப்பையும் நிலையையும் கணக்கில் வைக்கும் அந்த ‘உலக மாதிரி’ இன்ஃபார்மில் ஆயத்தமாகவே கிடைக்கிறது. 2006-இல் வந்த ஏழாம் பதிப்பிலோ, சமையலறையில் விளக்கு இருக்கிறது என்று பொருள்படும் எளிய ஆங்கில வாக்கியமே நிரலாகிவிடுகிறது. புதிர்களை நம்பி நிற்கும் கதைக்கு இதுவே ஏற்றது.

ஆடுபவர் தமிழில் கட்டளையைத் தட்டச்சிட்டால் இன்ஃபார்முக்குப் புரியுமா?

‘விளக்கை எடு’ என்பதில் ‘விளக்கு’ எங்கே? உகரம் கெட்டு ‘ஐ’ உருபு ஏறிய சொல்லை அடையாளம் காண, கட்டளையைப் பிரித்துப் பொருள்கொள்ளும் ‘பார்சர்’ என்னும் பகுதிக்கு முதலில் நன்னூல் கற்பிக்க வேண்டும். இலக்கணமும் நிரலும் அறிந்தோர் கைகோத்துச் செய்யவேண்டிய அரும்பணி அது. அதுவரை, சொல்லைத் தொட்டாலே கதை நகரும் ட்வைனில் தமிழ் தடையின்றி ஓடும்.