வடக்கே தள்ளிவிடும், ஆண்டவரே

ஞாயிறு பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிப்பது பல வருஷமாக என் வேலை. பக்திக்காகக் கொடுத்ததல்ல. குரல் கனம்; மைக் மக்கர் செய்கிற நாளிலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். என்னிடம் உள்ள தகுதி அது ஒன்றுதான்.

ஓர் ஆவணிக் கடைசியில், 'எங்கள் பகுதியில் நல்ல மழை பெய்து பயிர் செழிக்க' என்று கணீரென்று வாசித்து நிறுத்தினேன். ஆண்கள் பக்கமிருந்து பதில் மன்றாட்டு வந்தது. பெண்கள் பக்கம் நடுவில் இரண்டு வரிசை வாயே திறக்கவில்லை. உப்பளத்துப் பெண்கள். பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவனை ஒருத்தி பிடித்துக்கொண்டாள். "ஏன் கணக்கப்புள்ள, மழை பெஞ்சா நாளைக்கு எங்களுக்குக் கூலி யாரு கொடுப்பா? நீங்க கொடுப்பீங்களா?"

அவள் என்னைக் கணக்கப்பிள்ளை என்று கூப்பிட்டதுதான் உறைத்தது. வேதாரண்யத்தில் உப்பளத்துக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். எத்தனை பாத்தி, எத்தனை மூட்டை, எத்தனை லாரி என்பதெல்லாம் என் பேனாவில். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பள்ளிக் கைதான அகஸ்தியம்பள்ளிப் பக்கம்தான் தினமும் சைக்கிளில் போய் வருகிறேன். தை மாசம் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தி நீர் கட்டினால், வெயில் ஏற ஏற மேலே பாலாடை மாதிரி ஒன்று படரும். பிறகு அது கனத்துக் கீழே இறங்கி மணியாகும். பலகையால் இழுத்து வரப்போரம் குவிப்பார்கள். அரைமணி மழை போதும், அத்தனையும் திரும்பத் தண்ணீர். மறுபடி உப்புப் பூக்கப் பத்து நாளாவது பிடிக்கும். இதெல்லாம் தெரிந்தவன்தான் மழை கேட்டேன். ஏனென்றால் ஆயக்காரன்புலம் பக்கம் மனைவி வழியில் வந்த கொஞ்சம் நிலம் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் நாங்கள் கடைமடை. நேரடி விதைப்புச் சம்பாவுக்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த வாரம் விதை தெளித்திருந்தேன்.

அதற்கு முந்தின மே மாசம் இதே நான், முதலாளியின் அம்பாரம் நனையக்கூடாது என்று மழை வேண்டாமென்று செபித்தவன். எலியா தீர்க்கதரிசி மூன்றரை வருஷம் மழையை நிறுத்தி வைத்தார். உப்பளத்துக்காரர்களுக்கு அவரைவிடப் பொருத்தமான பாதுகாவலர் கிடையாது. அவரே பிறகு மழையும் கேட்டு வாங்கினார். ஆனால் மனைவி நிலத்துக்கு ஒன்று, முதலாளி உப்புக்கு ஒன்று என்று கேட்டதாக வேதாகமத்தில் இல்லை.

கேட்பதில் எனக்குள்ள சாமர்த்தியத்துக்கு இன்னொரு உதாரணம், 2018 நவம்பர் 15 இரவு. கஜா புயல் வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. கொல்லையில் இருபத்திரண்டு தென்னை. செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவன், எல்லா மக்களுக்காகவும் என்று யோக்கியமாகத்தான் தொடங்கினேன். காற்று ஓலமிட ஆரம்பித்ததும் செபம் சுருங்கி ஒரே வரியாகிவிட்டது: "ஆண்டவரே, வடக்கே தள்ளிவிடும்." வடக்கே என்ன இருக்கிறது? வெள்ளப்பள்ளத்து மீனவர்கள், பிறகு வேளாங்கண்ணி மாதா, அதற்கப்பால் நாகப்பட்டினம். மாதா கையில் இருக்கிற மகனிடம், புயலை உங்கள் அம்மா வீட்டுப் பக்கம் அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர் தள்ளவில்லை. 16-ஆம் தேதி விடிவதற்குள் நாகைக்கும் எங்களுக்கும் நடுவே கரையேறி இரண்டு பக்கத்தையும் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிவிட்டுப் போனது. பத்தொன்பது தென்னை படுத்துக்கிடந்தன. கரண்டு வர வாரக்கணக்காயிற்று. யாரோ ஜெனரேட்டரில் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தபோது, வேளாங்கண்ணியில் புதிதாக எழுப்பிய இயேசு சுரூபத்தின் கைகள் முறிந்திருந்த படத்தைப் பார்த்தேன். 'கை இல்லாதவர் எப்படிக் காப்பாற்றுவார்' என்று சினிமா வசனம் மாதிரி ஒன்று மனதுக்குள் ஓடியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. அவரை அந்தப் பக்கம் மாட்டிவிடப் பார்த்தவனே நான்தானே.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸுக்கு வேளாங்கண்ணி போவதாகத் திட்டம். கிறிஸ்துமஸ் பிரியாணியின் கனத்தில் தூங்கிப்போனேன். அன்று காலை கிறிஸ்துமஸுக்கு வந்து கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் சுனாமியில் போய்விட்டார்கள். சில வாரம் கழித்து அன்பியக் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். ஆண்டவர் என் கண்ணை மூடித் தூங்கவைத்துக் காப்பாற்றினார் என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். எனக்கே நன்றாக இருந்தது. பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிராமல் கேட்டாள்: "அப்ப எங்க அண்ணனை எழுப்பி அனுப்பினது யாரு?"

கோயில் உபதேசியார் உடனே ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டார். நல்ல மனிதர். அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்திலும் சாட்சி சொன்னதில்லை.

இப்படிப்பட்டவனுக்கு நிஜமாகவே ஒன்று வேண்டியிருந்தது. அம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. மூன்று வருஷமாக என்னைத் தெரியவில்லை. ஐம்பத்துமூன்று மணி செபமாலை ஒரு மணி தப்பாமல் வருகிறது, மகன் வரவில்லை. குணமாக்கும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும் என்று கேட்டேன். உப்பளத்தில் கூலி பேசுகிற மாதிரி, குறைத்துக் கேட்டால் கிடைக்கும் என்று ஒரு நினைப்பு.

காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டேன். வேட்டைக்காரனிருப்பு தாண்டியதும் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். திருப்பூண்டிக்கு முன்னாலேயே பஸ் ஏறிவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. ஆர்ச்சில் இறங்கி, அங்கிருந்து நொண்டி நொண்டி, முழுத் தூரமும் நடந்தவன் மாதிரி நடந்து போனேன். ஒரு குடும்பம் எனக்கு வழிவிட்டு மோர் வாங்கிக் கொடுத்தது. குடித்தேன்.

உரு விற்கிற கடையில் கண், கை, கால், தொட்டில், வீடு எல்லாம் தகட்டில் அடித்துக் குவித்திருந்தார்கள். ஞாபகத்துக்கு எது வாங்குவது? கடைக்காரம்மா ஒரு தலையை எடுத்துக் காட்டினாள். "இது தலைவலிக்குப் போடுறது. ஞாபகத்துக்குன்னு தனியா வர்றதில்லே." அதையே வாங்கிப் போட்டேன். பிறகு காணிக்கைப் பொருட்களை வைத்திருக்கிற காட்சியகத்தையும் சுற்றிவந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் தங்கத்திலும் வெள்ளியிலும் நன்றி மினுமினுக்கிறது. எல்லாம் கிடைத்தவர்கள் கொடுத்தது. கிடைக்காதவர்கள் எதைக் கொண்டுவந்து வைப்பார்கள் என்று தெரியவில்லை. இடமும் போதாது.

ஊர் திரும்பினேன். அம்மா, "யாரு?" என்றாள்.

மூன்று மாசம் காத்திருந்தேன். பிறகு கோபம். பஸ் டிக்கெட்டுக்காக இவ்வளவு பெரிய தண்டனையா என்று ஒருநாள். பஸ்ஸே ஏறாமல் நடந்திருந்தாலும் இதுதானே என்று மறுநாள். பூசைக்குப் போவதை நிறுத்தினேன். வேலைநிறுத்தம். ஐந்து ஞாயிறு ஓடின. யாரும் சமாதானப் பேச்சுக்கு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் பக்கத்துவீட்டுத் தமிழய்யாவிடம் மாட்டினேன். ஓய்வுபெற்றவர், சிவன் கோயில் மேலக்கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போடாமல் வீட்டுக்குத் திரும்பமாட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க? இந்த வேதாரண்யம்தான் திருமறைக்காடு. வேதம் பூட்டிட்டுப் போன கதவைத் திறக்க அப்பரே பதிகம் முழுக்கப் பாடவேண்டியிருந்தது. கூட நின்ன சம்பந்தர், சின்னப் பிள்ளை, அதை மூடப் பாடினா முதல் பாட்டுலயே படார்னு சாத்திக்கிச்சு. அப்பருக்கு மனசு கேக்கலே. தனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம்னு வருத்தத்தோடதான் போய்ப் படுத்தார்." பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவரு ஸ்ட்ரைக் பண்ணலே. அடுத்த பாட்டை எழுதிட்டாரு."

எனக்குப் பாட்டு வராது. ஆறாவது ஞாயிறு போய் ஒப்புரவுத் தொட்டியில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன்: வடக்கு, பஸ், மோர், ஸ்ட்ரைக். சாமியார் பொறுமையாகக் கேட்டார். பாவமன்னிப்புக் கொடுத்துவிட்டு, "மன்றாட்டு வாசிக்க இன்னிக்கு ஆளில்லே, வாசிச்சிடுறீங்களா?" என்றார். வாசித்தேன். தாளில் மழை பற்றி எழுதியிருந்தது. 'எங்களுக்குத் தேவையான தட்பவெப்பம்' என்று மாற்றிப் படித்தேன். இரண்டு பக்கமும் பதில் வந்தது. கெட்டிக்காரத்தனம்தான், வேறென்ன.

சாயங்காலம் அதே வெள்ளைச் சட்டையோடு, படிக்கிற கண்ணாடியோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "வாங்க உபதேசியாரே" என்றாள்.

மறுத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? "எப்படிம்மா இருக்கீங்க?" என்றேன்.

"எனக்கு என்ன. ஒரு பையன் இருக்கான். கணக்கு எழுதுறான். கோயிலுக்கு ஒழுங்காப் போறானோ என்னமோ. அவனுக்காக வேண்டிக்குங்க."

சரி என்றேன். மறுநாள், "வேண்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன். பொய். ஊர் முழுவதற்கும் இதே பதிலைச் சொல்லிப் பழகின வாய். மூன்றாம் நாள் அவள் விடவில்லை. "இப்ப வேண்டுங்க. என் முன்னாடி."

கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தேன். அம்மா தொடையில் தட்டினாள். "எனக்குக் கேக்கலே. சத்தமா."

எழுந்து நின்றேன். கோயிலில் வாசிக்கிற மாதிரியே, "இந்த அம்மாவின் மகனுக்காக" என்று தொடங்கி நிறுத்தினேன். அதற்கு மேல் என்ன கேட்பதென்று வரவில்லை. அவள் காத்திருக்கவில்லை, பதில் மன்றாட்டைக் கணீரென்று முழுசாகச் சொல்லி முடித்தாள். செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பி, "உபதேசியாருக்குக் காபி போடு" என்றாள்.