எலும்பில்லாத ஆட்டுக்கால்

கேள்வி: ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மாமனாருக்கு ஆட்டுக்கால் சூப் வேண்டுமாம். மாமியாரோ சுத்த சைவம். நான் என்ன செய்ய? (வாசகி, சேலம்)

பதில்: கொல்லிமலை பக்கத்தில் இருக்க என்ன கவலை? முடவாட்டுக்கால் கிழங்கு வாங்குங்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் கிழங்கு அது. மேலே ரோமம் வேறு இருக்கும், மாமியார் முதலில் அலறத்தான் செய்வார். கத்தியால் சுரண்டித் தோலை எடுத்து, துண்டாக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்துக் கொதிக்கவிடுங்கள். தக்காளியை அள்ளிப் போட்டால் அது ரசம். மூட்டுவலி பறந்துவிடும் என்று விற்பவர் சத்தியம் செய்வார். மிளகுக் காரத்தில் மூக்கு ஒழுகுவதற்கு மட்டும் நான் பொறுப்பு. மாமனார் எலும்பைத் தேடினால், நன்றாக வெந்து கரைந்துவிட்டது என்று சொல்லுங்கள்.