பின்னலும் ட்ரில் மெசினும்

கேள்வி: அப்பாவின் தச்சுப் பட்டறையில் வேலை பழகுகிறேன். "கொண்டை போடாமல் மெசினுக்குக் கிட்ட வராதை" என்கிறார். ஒற்றைப் பின்னல் போதாதா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: போதாது, தங்கச்சி. பின்னல் என்பது திரித்த கயிறு. மெசினுக்குக் கயிறு கிடைத்தால் சுற்றத்தானே செய்யும்!

கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு 1500 தரம் சுழலும் ட்ரில், செக்கனுக்கு 25 சுற்றுச் சுற்றும். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலகு ஒரு சுற்றில் 31 மில்லிமீற்றர் முடியை இழுக்கும். 60 சென்ரிமீற்றர் கூந்தல் ஒரு செக்கனுக்குள் முடிந்துவிடும். "ஐயோ" என்று கை சுவிட்சுக்குப் போவதற்குள் தலை மெசினடியில். தலைத்தோலே உரிந்து வரும்.

2011 ஏப்ரலில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில் இரவில் தனியே வேலை செய்த மாணவி ஒருவர், கடைசல் இயந்திரத்தில் முடி சிக்கி இறந்தார். படித்த பிள்ளை, திறமான பிள்ளை. மெசினுக்கு அது தெரியாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைப் பெண்கள் நடிகை வெரோனிகா லேக்கைப்போல் முடியை ஒரு கண்மேல் விழவிட்டார்கள். அது மெசினில் சிக்கும் என்பதால் அரசு கேட்டுக்கொள்ள, 1943இல் அவரே முடியைத் தூக்கிக் கட்டிக் காட்டினார்.

எங்கள் தோட்டக் கிணற்றடிப் பம்பியின் பெல்ட்டும், மிளகாய் அரைக்கும் மில்லின் பெல்ட்டும் இதே ஆபத்துத்தான். சுழலும் பாகங்களுக்கு மறைப்பு வேண்டும் என்று இலங்கையின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. அப்பாவின் மெசினில் மறைப்பைக் கழற்றி வைத்திருந்தால், திருப்பிப் பூட்டச் சொல்லுங்கள்.

கொண்டையை இறுக்கி, மேலே தொப்பி போடுங்கள். துப்பட்டாவையும் கழற்றி வையுங்கள். தனியே இருக்கும்போது மெசினைத் தொடாதீர்கள்.