வாகனம் நிறுத்துமிடம்

மும்பை டிராம்பே சீத்தா கேம்ப்பில் பாதிப் பேருக்குச் சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் பிள்ளையாரின் வாகனம் வீட்டுக்கு வீடு உண்டு. ஊர் அடங்கியதும் கட்டரிலிருந்து கிளம்பி, துவைகல்லைச் சுற்றி வளைந்து, எங்கள் சமையல் மேடைக்கு அடியில் வந்து நிற்கும். பெருச்சாளியை ஏதோ எலி என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக வளர்ந்தது ஒரு கிலோவைத் தாண்டும். தெருப் பூனை அதற்கு மரியாதையாக வழிவிட்டு ஒதுங்குகிறது.

1976-ல் ஜனதா காலனியைக் காலி செய்து, அந்த இடத்தைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் ஆட்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். எங்களுக்காவது அளந்து துண்டு மனை கொடுத்தார்கள். பெருச்சாளிக்கு யாரும் ஒதுக்கீடு செய்யவில்லை. இருந்தும் பூமிக்கு அடியில் கேம்ப் முழுவதும் அதன் பேரில்தான் இருக்கிறது.

கூண்டு வைத்தேன். மசால்வடையைச் சீந்தவில்லை; மும்பையில் பிறந்த ஜீவன் அல்லவா? வடாபாவ் வைத்ததும் வந்தது. பாவை மட்டும் விட்டுவிட்டு, கூண்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் போயிற்று. பசை அட்டையில் அப்பாவின் செருப்பு மாட்டியது. விஷம் என்று வாயெடுத்ததும் அம்மா குறுக்கே விழுந்தாள்.

"அதைக் கொன்னுட்டா பிள்ளையார் எதுலடா வருவாரு?"

"அக்கா, அவரு வண்டியை எங்க வீட்லயும்தான் நிறுத்துறாரு. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார் பக்கத்து வீட்டு பாய்.

மாநகராட்சிக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. எலி அடிக்கவென்றே ராத்திரி வேலைக்கு ஆள் வைத்திருக்கிறது. ஒரு கையில் டார்ச், மறு கையில் தடி. வெளிச்சம் கண்ணில் பட்டு எலி திகைத்து நிற்கும் அந்த நொடியில் அடி விழ வேண்டும். ஓர் ஆளுக்கு ராத்திரிக்கு 30 எலி என்பது கணக்கு. விடிந்ததும் எண்ணிக் காட்ட வேண்டும். உலகத்தில் எத்தனையோ 'டார்கெட்' உத்தியோகம் உண்டு, வாலைப் பிடித்து எண்ணுவது இதில் மட்டும்தான். சிரிக்கிறேனே தவிர, இந்த ஊருக்குப் பழைய சூடு உண்டு. 1896-ல் மாண்ட்வியில் பிளேக் புகுந்து பம்பாயையே காலி செய்தது. ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி அதற்குத் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். எலிக்கும் மனிதனுக்கும் நடுவே தரகு வேலை பார்த்தது தெள்ளுப்பூச்சி என்று அடுத்த வருஷம் கராச்சியில் சிமோன் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை பிரபாதேவி சித்தி விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அங்கே வெள்ளி மூஷிகத்தின் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுகாதில் வேண்டுதலைச் சொன்னால், அது நேரே பிள்ளையாரிடம் போய்விடுமாம். அம்மா சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். பின்னால் வரிசை மராத்தியில் முணுமுணுத்தது.

வெளியே வந்ததும், "கொன்னுடச் சொன்னியாம்மா?" என்றேன்.

"சீ, பாவம்! மாட்டுங்கா பக்கம் இட்லிக் கடை நெறைய இருக்குன்னு வழி சொல்லிட்டு வந்தேன்."