வேடிக்கை பார்ப்பவருக்கு ஒரு பொன்னாடை

தண்டவாளத்து ஓரத்தில் யாராவது வேலை செய்தால் நின்று பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல் போகும் நல்ல மனிதருக்கு இதுவரை யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. அந்தக் குறையை இன்று தீர்த்துவிடலாம். எவ்வளவு பெருந்தன்மை அவருக்கு! முன்பின் தெரியாத ஆட்கள், ரயில்வேயின் இரும்பு, கையில் கட்டர். இருந்தாலும் அவர் மனத்தில் சந்தேகம் எட்டிப் பார்ப்பதில்லை.

அவருடைய பெருமை பீகார் மாநிலம் ரோத்தாஸ் மாவட்டத்து அமியாவர் கிராமத்தில் 2022 ஏப்ரலில் நாடறிய வெளிப்பட்டது. அங்கே வாய்க்காலின் மேல் பழைய இரும்புப் பாலம் ஒன்று நின்றது. 60 அடி நீளம். பாசனத் துறையிலிருந்து வருகிறோம் என்று சிலர் வந்தார்கள். மண் அள்ளும் இயந்திரம் வந்தது, கேஸ் கட்டர் வந்தது, வண்டி வந்தது. மூன்று நாள், பட்டப்பகலில், பாலத்தை அறுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. துறையின் உள்ளூர் ஊழியர்களே கூட நின்று ஒத்தாசை செய்தார்கள் என்பது பிறகு வந்த செய்தி. ஒளிந்து செய்பவன்தான் திருடன், வெயிலில் வியர்வை சிந்துபவன் உத்தியோகஸ்தன் என்று அந்த ஊரார் உழைப்பின்மேல் வைத்திருந்த மரியாதை சாதாரணமானதல்ல. கைதானவர்களில் அதே துறை அதிகாரி ஒருவரும் இருந்தார். ஆகவே, அரசாங்க ஆள் வந்திருக்கிறார் என்று ஊரார் நினைத்ததும் முழுப் பொய்யாகிவிடவில்லை.

பாலத்தை அறுத்த அந்தக் கூட்டத்தின் அறிவையும் மெச்சத்தான் வேண்டும். நம்மை அவர்கள் சரியாகப் படித்திருந்தார்கள். தண்டவாளத்துக்கும் அதே பாடம்தான். இன்று பிரதான ரயில் பாதைகளில் கிடக்கும் தண்டவாளத்தின் எடை மீட்டருக்கு 60 கிலோ. ஆள் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டினால்கூட நூறு கிலோ வந்துவிடும். தனி ஆள் தோளில் போட்டுக்கொண்டு போக முடியாது. திருட வேண்டுமானால் நாலு பேர் வேண்டும், கட்டர் வேண்டும், வண்டி வேண்டும், அதட்டி வேலை வாங்க ஒரு மேஸ்திரியும் வேண்டும். இந்த நாலையும் பார்த்த உடனேதான் நாம் ‘ரயில்வேக்காரங்க வேலை பாக்குறாங்க’ என்று நிம்மதியாக நகர்கிறோம். திருட்டுக்குத் தேவையானதையே அத்தாட்சியாக ஏற்றுக்கொள்ளும் இந்தத் தாராளம் வேறு யாருக்கு வரும்?

எழுத்துக்கு நாம் தரும் மதிப்பும் உயர்ந்தது. 2021 டிசம்பரில் அதே பீகாரில், பூர்ணியா கோர்ட் நிலையத்தில் பல காலமாக நின்றிருந்த பழைய நீராவி எஞ்சினை கேஸ் கட்டரால் அறுத்தார்கள். அறுக்க வந்தவர் வெளியாள் அல்ல, சமஸ்திப்பூர் டீசல் ஷெட்டின் பொறியாளர். காவல் பொறுப்பில் இருந்தவர் தடுத்தார். மேலதிகாரியின் கடிதம் நீட்டப்பட்டது. கடிதத்தைப் பார்த்ததும் வேலை தொடர்ந்தது. கடிதம் போலி என்பது வழக்கு. மறுநாள் ஒரு பெண் காவலர் ஷெட்டின் பதிவேட்டைப் புரட்டினார். இரும்பு ஏற்றிய வண்டி உள்ளே வந்ததாக எழுதியிருந்தது. போய்ப் பார்த்தால் இரும்பு இல்லை. எழுதியிருப்பதை நம்பாமல் எழுந்து போய்ப் பார்த்தாரே, நம் நல்ல மனிதரின் பண்பு அந்தப் பெண்ணிடம் துளியும் இல்லை. அவர் மட்டும் கொஞ்சம் பெருந்தன்மையாக இருந்திருந்தால் அந்த எஞ்சினைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அடையாள அட்டையைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கும் ஒரு மாலை உண்டு. 2024 செப்டம்பரில் குஜராத்தில் சூரத்தை அடுத்த கீம் நிலையத்துக்கு அருகே தண்டவாளங்களை இணைக்கும் இரண்டு பிஷ் பிளேட்டுகளும், அவற்றைப் பிடித்திருக்கும் 71 கீகளும் கழற்றப்பட்டிருப்பதாக அதிகாலையில் தகவல் வந்தது. தகவல் சொன்னவர் ரயில்வேயின் டிராக்மேன். பெரிய விபத்தைத் தடுத்தார் என்று பாராட்டு குவிந்தது. இரண்டொரு நாளில் அவரோடு சேர்த்து மூன்று ரயில்வே ஊழியர்களைப் போலீஸ் கைது செய்தது. விருதும் இரவுப் பணி நீட்டிப்பும் கிடைக்கும் என்று அவர்களே கழற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. அட்டை அசல், சட்டை அசல், ஆளும் அசல். முந்தைய ரயில் போன பிறகு கிடைத்த சொற்ப நேரத்துக்குள் அத்தனை கீகளை வெளியாள் எப்படிக் கழற்றியிருக்க முடியும் என்று விசாரித்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில்தான் குட்டு உடைந்தது.

நம் நல்ல மனிதருக்குச் சந்தேகமே வராது என்று சொல்லிவிடவும் முடியாது. வெயிலில் வெளுத்த சட்டையோடு, தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாக, பையில் சிவப்புக் கொடியும் ஆபத்தென்றால் வெடித்து ரயிலை எச்சரிக்க டெட்டனேட்டரும் சுமந்து, ஒவ்வொரு கீயாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு தன்னந்தனியாக நடக்கிறாரே கீமேன், அவரிடம் வரும். ‘யாருய்யா நீ, இங்க என்ன பண்ற?’ என்று அவரைக் கேட்க நமக்கு நாக்கு எழும்பும். லாரியோடு வந்தவரிடம் ‘சார்’ மட்டும்தான் எழும்பும்.

மழைக்கால இரவில் ரோந்து போகும் பேட்ரோல்மேன், ரயில் வரும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பார். கைவிளக்கைத் திருப்பித் தன் எண் பலகையின் மேலேயே வெளிச்சம் விழவைப்பார். ஓடும் ரயிலிலிருந்து அந்த எண் தெரிய வேண்டும் என்பது விதி. தன் பகுதியின் எல்லையை எட்டியதும் அடுத்த பகுதிக்காரரிடம் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்புவார். கொட்டும் மழையில், யாரும் கேட்காமலேயே, தான் யார் என்பதற்கு ஒவ்வொரு ரயிலுக்கும் பதில் சொல்லும் மனிதர் அவர். எந்த செக்‌ஷன், எந்த இன்ஜினீயருக்குக் கீழே, ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியுமா என்று பகலில் நாம் மூன்று கேள்வி கேட்டால் இப்படிப்பட்டவர் நொடியில் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார். திணறப்போவது லாரியோடு வந்தவர்தான். அவரைத் திணற வைக்கக் கூடாது என்றுதானே நாம் கேட்பதில்லை!

கேட்கப் பயமாக இருந்தால் தூரமாக நின்று 139-க்கு ஒரு போன் போட்டால் போதும். அந்த எண் நமக்குத் தெரியாததல்ல. ரயிலில் சாப்பாடு ஆறிப்போய் வந்தாலோ, ஏசி ஓடாவிட்டாலோ ஐந்து நிமிடம்கூடப் பொறுக்காமல் விரல் அங்கேதான் போகிறது. அதே ரயிலுக்கு அடியில் கிடக்கும் இரும்பை ஒருவன் அறுக்கும்போது மட்டும் நாம் அபாரமாகப் பொறுத்துக்கொள்கிறோம்.