கழற்றக் கொடுத்த காசு

எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்குகிறவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ, கொஞ்சம் தள்ளி பாரத்பென்ஸ் லாரி, வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு. நடுநடுவே கண்ணாடி செய்கிறவர், டயர் செய்கிறவர், சீட் தைக்கிறவர். சாலையோரம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நாலைந்து டிரெய்லர் கடந்துவிடும். அத்தனையிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுக் கார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு, இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய, நாலு கை மாறிய, மஞ்சள் பெயின்ட் அடித்த ஃபோர்டு ஐகான் ஒன்றை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினேன். மனைவி ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, இதுல நாம போகணுமா, இல்ல இத நாம தள்ளிக்கிட்டுப் போகணுமா?"

2000-ல் நான் டிப்ளமா முடித்து, ஸ்ரீபெரும்புதூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். குவாலிட்டி பிரிவு. கையில் வெர்னியர், முதுகில் சீருடை, மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் அன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு இரண்டுதான் தெரியும்: ராமானுஜர் பிறந்த ஊர், ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். மூன்றாவதாக ஹூண்டாயின் சான்ட்ரோ சேர்ந்து இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கினால் டீக்கடை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பால்காரர், அதற்கப்புறம் வயலும் ஏரியும்தான். சாலை ஆளில்லாமல் கிடக்கும்.

அந்தச் சாலையில்தான் முதன்முதலில் ஐகானைப் பார்த்தேன். மறைமலை நகரில் ஃபோர்டு செய்தது. 1999 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. டிக்கி வைத்த கார், இந்தியாவுக்கென்றே வடிவமைத்தது. 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரம். 1.6 லிட்டர் ரோகேம் இன்ஜின், ஏறக்குறைய 90 குதிரைத்திறன். சான்ட்ரோவே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் இந்த எண்ணை நாங்கள் கேன்டீனில் கிசுகிசுத்துக்கொள்வோம். விலை ஐந்து லட்சத்துக்கு மேல். என் சம்பளத்தில் எவ்வளவு காலம் ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்து, தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் வாங்கியவர்கள் இருந்தார்கள். சிப்காட்டுக்கு நிலம் போன வீடுகளில் பணம் வந்திருந்தது. அப்பா அதை பேங்கில் போடலாமா, காஞ்சிபுரத்தில் மனை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கையில், மகன் கார் வாங்கிவிட்டான். வாங்கியதோடு நிற்கவில்லை. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து வண்டியைத் தரைக்கு இறக்கினான். கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு இரண்டு அங்குலம் பெரிய அலாய் போட்டான். முஷ்டி நுழைகிற அகலத்தில் சைலன்சர், பின்னால் ஸ்பாய்லர், டிக்கி முழுக்க சப்வூஃபர், கண்ணாடி முழுக்கக் கறுப்பு ஃபிலிம், அதன்மேல் 'நோ ஃபியர்' என்று ஆங்கில ஸ்டிக்கர். அப்படி ஒரு மஞ்சள் ஐகான் எங்கள் கம்பெனி பஸ்ஸை தினமும் உறுமிக்கொண்டு முந்தும். நாங்கள் ஜன்னல் பக்கம் மொத்தமாகச் சாய்வோம். டிரைவர் அண்ணன், "பஸ் கவுந்துடும்டா, உக்காருங்க" என்பார்.

நான் வாங்கியது அதே வண்டியா என்று கேட்டுவிடாதீர்கள். அது காயலான் கடைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. இது அதன் பங்காளி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த உறுமலுக்கெல்லாம் மூலம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் 1990-லிருந்து இருக்கிறது. அதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்கள் பிறகு இங்கே வந்தன. நாராயண் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் ஓட்டிய தடம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கேட்டால், வேலி ஓரம் போய் நிற்போம். உள்ளே நுழைந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்: பந்தயக்காரன் வண்டியிலிருந்து கழற்றுகிறான். பின் சீட்டைக் கழற்றுவான், ஏ.சி.யைக் கழற்றுவான், தரைவிரிப்பைக்கூட உரித்துவிடுவான்; எடை குறைந்தால்தான் வேகம். அதைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் பையன்கள் வண்டியில் மாட்டினார்கள். ஆம்பிளிஃபையர், சப்வூஃபர், ஃபைபர் பம்பர், ஸ்பாய்லர் எல்லாம் சேர்ந்து அப்படியே இரண்டு ஆள் எடை. வேகம் கூடியதாக நம்ப வைத்தது சைலன்சர்.

சரி, இப்போதைக்கு வருவோம். புரோக்கர் சுங்குவார்சத்திரத்துக்காரர். "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்றுதான் ஆரம்பித்தார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார் எல்லாம் டாக்டர் ஓட்டியதுதான். இத்தனை டாக்டர்கள் இருந்தும் ஆஸ்பத்திரியில் ஏன் க்யூ நிற்கிறது என்று தெரியவில்லை. எந்த டாக்டர் கதவில் நெருப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார் என்று நான் கேட்கவில்லை. பையிலிருந்து காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தேன். ஒட்டியது. பின்பக்க மட்கார்டில் வைத்தேன், நழுவி விழுந்தது. உள்ளே தகரம் இல்லை, பட்டிதான். புரோக்கர் வானத்தைப் பார்த்தார்.

பேரம் விசித்திரமாக நடந்தது. அலாய் வீல், சைலன்சர், கூம்பு ஃபில்டர், ஸ்பாய்லர் என்று மாட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் விலையை ஏற்றினார். அதே பட்டியலைச் சொல்லி நான் இறக்கினேன். "இதுக்கே ஒரு லட்சம் செலவு பண்ணிருக்காங்க சார்." "ஆமாங்க, அத எடுக்க எனக்கு எவ்வளவு ஆகும்னு பாக்குறேன்." ஐம்பத்தைந்தாயிரத்தில் முடிந்தது.

மெக்கானிக் பாய் வண்டியை லிஃப்டில் ஏற்றிவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டே சிரித்தார். வேகத்தடையில் தட்டித் தட்டி ஆயில் சேம்பர் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. லோயர் ஆர்ம் புஷ் எல்லாம் கிழிந்து, ரப்பர் துணுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. முன் ஸ்பிரிங்கின் அறுத்த முனையைத் தடவிப் பார்த்தவர், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இது நம்ம கை வேலையாத்தான் இருக்கும். அந்தக் காலத்துல இந்த ஏரியாவுல ஸ்பிரிங் அறுக்குறது நான் ஒருத்தன்தான்" என்றார். "அப்ப அறுக்க ஆயிரம் வாங்குனேன். இப்ப மாத்த அஞ்சாயிரம் ஆவும்." ஒரே ஸ்பிரிங்கில் இரண்டு தலைமுறையிடம் சம்பாதித்த மனிதர். எனக்கு அவர்மேல் மரியாதைதான் வந்தது.

எலெக்ட்ரீஷியன் டேஷ்போர்டைத் திறந்தார். சிவப்பில் ஆரம்பித்த ஒயர் நடுவில் பச்சையாகி, முடிவில் டெலிபோன் ஒயராக இருந்தது. முறுக்கிய ஜாயின்ட் ஒவ்வொன்றிலும் இன்சுலேஷன் டேப் உருகிப் பிசுபிசுத்தது. வெள்ளை வெளிச்ச ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே, ஏர் ஹார்னுக்கு ஒரு ரிலே, எதற்கென்றே தெரியாத இன்னும் ஒரு ரிலே. ரேடியேட்டர் ஃபேனை நேரடியாக பேட்டரியில் கொடுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே வீட்டு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். வண்டி ஹீட் ஆனால் ஓட்டுகிறவர் கை நீட்டிப் போட வேண்டும். பகல் முழுக்க நான் ஒரு மயிரிழை வித்தியாசத்துக்குப் பாகங்களை ரிஜெக்ட் செய்கிறவன். சாயங்காலம் போய் இதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கழற்றுவது சுலபம். கழற்றிய இடத்தில் வைக்க வேண்டியது எங்கே? உலகத்தின் பாதி நாடுகளுக்குப் பாகம் அனுப்புகிற தொழிற்பேட்டைக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு ஐகானின் ஏர் ஃபில்டர் டப்பாவை எங்கும் பார்க்க முடியவில்லை. கூம்பு ஃபில்டர் மாட்டிய நாளில் அத்தனை பேரும் ஒரிஜினல் டப்பாவைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் புது புஷ், புது ஸ்பிரிங், பெட்ரோல் ஹோஸ் கிடைத்தன. ஹோஸை மாற்றியே ஆக வேண்டும். பங்க்கில் இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது ஒத்துவராது. டப்பாவுக்குப் புதுப்பேட்டை. ஒரு கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னா சார், ஒன் த்ரீயா, ஒன் சிக்ஸா, டீசலா?" என்றார். சொன்னதும் பரணில் ஏறி ஒரு கறுப்பு டப்பாவை இழுத்துப்போட்டார். திறந்தால் உள்ளே காய்ந்த வேப்பிலை, ஒரு குளவிக்கூடு. நாலு கிளிப்பில் மூன்று இருந்தன. அன்றைக்கு அந்த மூன்று கிளிப்பைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை என் முதல் இன்கிரிமென்ட் தரவில்லை.

பெயின்ட் சுரண்டியபோது மஞ்சளுக்குக் கீழே கறுப்பு வந்தது, கறுப்புக்குக் கீழே சில்வர். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் சில்வர். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கறுப்பு ஃபிலிமுக்கு 2012-லேயே தடை. ஆக, அன்றைக்கு அந்தப் பையன்கள் செய்ததில் பாதி அப்போதே சட்டத்துக்குப் புறம்பு, மீதி பிற்பாடு. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000. இருபது வருஷம் தாண்டினால் இப்போது 10,000. நியாயம் எனக்குப் புரிகிறது. பழையதை வைத்திருக்காதே, பக்கத்திலேயே புதியது செய்கிறார்களே என்று அரசாங்கம் நாசூக்காகச் சொல்கிறது. என் மனைவி அவ்வளவு நாசூக்காகச் சொல்லவில்லை.

எனக்கும் பதில் இருக்கிறது. நோக்கியா 2006-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது, 2014-ல் மூடியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாகச் சொன்னது. அடுத்த ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது. என்னோடு படித்தவர்களில் சிலர் அந்தக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து போராடினார்கள். 2024-ல், திரும்ப வந்து ஏற்றுமதிக்காகத் தொழிற்சாலையைப் பயன்படுத்த விருப்பம் என்று தமிழக அரசுக்குக் கம்பெனி கடிதம் கொடுத்தது. கம்பெனி போய், வரலாமா என்று கடிதமும் எழுதிவிட்டது. ஐகான் போகவே இல்லை.

வண்டி இப்போது தினமும் என்னை வேலைக்குக் கூட்டிப்போகிறது. ஏ.சி. குளிர்கிறது, ஃபேன் தானாகச் சுற்றுகிறது, வேகத்தடையில் வயிறு தட்டுவதில்லை. கிளட்ச்சும் புதுசு. ஆன மொத்தச் செலவை மனைவியிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறேன். அவள் அதை இரண்டால் பெருக்கிக்கொண்டாள், சரியாக வந்தது. 90 குதிரைகளும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆனால் ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கன்டெய்னர் லாரிக்குப் பின்னால், இரண்டாம் கியரில், கம்பெனி பஸ்கள் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு வர, அவற்றுக்கு என்ன வேலை? சாலை காலியாகக் கிடந்தபோது என்னிடம் கார் இல்லை. பஸ் ஜன்னலிலிருந்து இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. எல்லாரும் போனில் இருக்கிறார்கள். சில்வர் நிறத்தில், நேரான உயரத்தில், சத்தமில்லாமல் போகிற பழைய காரை யார் பார்ப்பார்?

பார்த்தவன் ஒருவன் உண்டு. எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்த டிரெய்னி. பார்க்கிங்கில் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "சார், செம வண்டி சார். கொஞ்சம் இறக்கி, அலாய் போட்டு, எக்ஸாஸ்ட் மாத்துனா மாஸா இருக்கும்." நான் அவனை வீட்டுக்கு அழைத்துப் போய், கொட்டகையில் கிடந்த நாலு அலாய் வீல், ஸ்பாய்லர், சைலன்சர் எல்லாவற்றையும் காட்டினேன். 52-வது பிரிவையும் சொன்னேன். அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பேரமே பேசாமல் எடுத்துக்கொண்டான். அவனுடைய மாமாவிடம் ஒரு பழைய ஸ்விஃப்ட் இருக்கிறதாம், கெஞ்சிக் கேட்கப் போகிறானாம். பாயின் முகவரியைக் கேட்டான். கொடுத்தேன். அவன் கொடுத்த பணம், நான் புது ஸ்பிரிங்குக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஒரே ஒரு குறைதான் பாக்கி. பின்பக்க இடது விளக்கின் கண்ணாடியை யாரோ கறுப்பு ஸ்ப்ரே அடித்து வைத்திருக்கிறார்கள். தின்னர் போட்டுத் துடைத்ததில் அது பாலாடை படிந்ததுபோல் மங்கிவிட்டது. பழைய மாடல் ஐகானின் இடது டெயில் லேம்ப் யாரிடமாவது பரணில் கிடந்தால் தயவுசெய்து தகவல் தெரிவியுங்கள். வலது பக்கம் வேண்டாம், இருக்கிறது. ஸ்டிக்கர் ஒட்டாததாக இருந்தால் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை.