எழுபதார்

கொல்லிமலைக்கு வண்டியேறி வருகிறவர்களில் எழுபதார் என்பவர் தனி இனம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணை எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். எங்கே இருக்கிறோம் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்காக வைத்த பலகையை மார்க் ஷீட்டாக எடுத்துக்கொண்டவரே எழுபதார். மிளகுக்கொடி, அன்னாசித் தோட்டம், அறப்பளீஸ்வரர் கோயில் எல்லாம் அவர் கணக்கில் வளைவுகளுக்கு நடுவே வரும் இடைஞ்சல்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஆடிப் பதினெட்டை ஒட்டி வரும் வல்வில் ஓரி விழாவின்போதும் இவர் பெருகுவார். சேலத்திலிருந்து வருகிறவரானால் நாமக்கல் நான்குவழிச் சாலையிலேயே ஒத்திகை முடிந்திருக்கும். இடப்பக்கம் புகுந்து லாரியை முந்துவது, இன்டிகேட்டர் போடாமல் தடம் மாறுவது, ஒரு கையில் செல்போனும் ஒரு கையில் ஸ்டியரிங்குமாகப் போவது எல்லாம் அந்த ஒத்திகையில் அடக்கம். நாமக்கல்லோ லாரிக்குப் பேர்போன ஊர். அந்த லாரிக்காரர்கள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து ஒதுங்கிக் கொடுப்பதால்தான் எழுபதார் அடிவாரம் வரை முழுசாக வந்து சேர்கிறார். அதையும் தம் கைத்திறமை என்றே வரவு வைத்துக்கொள்வார்.

பைக்கில் வரும் எழுபதாரிடம் ஹெல்மெட் இல்லாமல் இருக்காது, முழங்கையில் மாட்டியிருப்பார். தலையைவிட முழங்கையை அவர் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இருக்கலாம். சோதனைச் சாவடி கண்ணில் பட்டதும் அது தலைக்கு ஏறும். ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அது எதற்காக என்பதுதான் தெரியாது.

இந்த மலையை ஆண்ட ஓரி, யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பில் துளைத்தவன் என்று புறநானூறு சொல்கிறது. எழுபதாரும் அந்த வம்சம்தான். முன்னால் போகும் மரவள்ளி லாரி, பால் வண்டி, ஜீப், மொபெட் நான்கையும் ஒரே மூச்சில் முந்தப் பார்ப்பார். ஓரிக்கு எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவே வித்தியாசம்.

எழுபதாருக்கு வரும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. உட்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அதற்காகவே ஓட்டுநர் பஸ்ஸின் மூக்கை வெளியோரம் வரை நீட்டி, பிறகு ஒடிப்பார். அப்போது உட்பக்கம் ஓர் இடைவெளி விழும். அதைத் தமக்கு விட்ட வழி என்று எண்ணி எழுபதார் நுழைவார். பஸ்ஸும் நின்று, பின்னால் கிழங்கு லாரியும் நின்று, மேலே எட்டு வண்டியும் கீழே பத்து வண்டியும் சேர்ந்த பிறகு, யார் பின்னால் எடுப்பது என்று பேச்சுவார்த்தை தொடங்கும். நாலு பேர் இறங்கி நாலு விதமாகக் கைகாட்டுவார்கள். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்கு மட்டும் அவசரம் கிடையாது. குறுகலான மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. எழுபதார் அறிந்த விதி வேறு: முதலில் மூக்கை நுழைத்தவருக்கு வழி.

எதிரே வருவதைப் பார்க்கவென்று வளைவில் நிறுத்திய குவிகண்ணாடி, இவருக்குத் தலைசீவ உதவும். சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை இந்த மலையில் உண்டு என்பது பழங்கதை. கண்ணாடிக்கு முன்னால் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, செல்போனைப் பார்த்து இவர் சிரிப்பதைக் கண்டால் கதை பழையதுதானா என்று சந்தேகம் வரும்.

ஒருவழியாக வளப்பூர் நாடு வந்து சேர்வார். அறப்பளீஸ்வரரை அவசரமாகக் கும்பிட்டுவிட்டு, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை இறங்கி, குளித்து, மறுபடி ஏறுவார். கடைசிப் படியில் தொடை இரண்டும் தந்தி அடிக்கும். உட்கார்ந்து ஒரு மணி நேரம் காலாற்ற வேண்டிய நேரம் அது. அவரோ அந்தக் காலையே பிரேக் மேல் வைத்து இறக்கத்தைத் தொடங்குவார், இருட்டுவதற்குள் 70-ஐயும் ‘அடிக்க’ வேண்டுமே!

இறக்கத்தில் எழுபதாரின் பொருளாதார அறிவு விழித்துக்கொள்ளும். கியரை நியூட்ரலில் தள்ளினால் பெட்ரோல் மிச்சம் என்று யாரோ சொன்னதை அவர் வேதமாக வைத்திருக்கிறார். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகள், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் ஓட எரிபொருள் செலவாகும். ஆக, மிச்சமும் இல்லை. வண்டியை இழுத்துப் பிடிக்க எஞ்சினும் இல்லை. முழுப் பாரமும் பிரேக் மேல். முப்பதாவது வளைவுக்குள் பிரேக் காய்ந்து, கருகல் வாடை வரும். இன்னும் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காது. இது பக்கத்துக் காட்டில் தீ என்று குடும்பத்தாரிடம் எழுபதார் விளக்கம் சொல்வார்.

காரவள்ளி டீக்கடையில் சக்கரத்திலிருந்து புகை கிளம்ப அவர் வண்டியை நிறுத்தும்போது, தினமும் இதே சாலையில் ஏறி இறங்கும் லோடு வண்டி டிரைவர் ஒருவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருப்பார்.

“எழுபதும் அடிச்சாச்சுங்ணா!” என்பார் எழுபதார்.

“ஏறுன கியர்லயே இறங்கியிருந்தா இந்த நாத்தம் வந்திருக்காதுங்க தம்பி. தண்ணி கிண்ணி ஊத்தீராதீங்க, அதுவா ஆறட்டும்.”

எழுபதார் பணிவாகத் தலையாட்டுவார். பிறகு பின்சீட்டிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு சக்கரத்துப் பக்கம் போவார்.